கடைமடை

இரவு ஒன்பதரைக்கு மேல்தான்
மெஷின் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும்.
பகல் முழுக்க முதுகுத்தண்டும் முழங்காலும்.

நான்கு ரோட்டு நெரிசல் அடங்கியபின்
முனிரத்தினம் வந்தார்.
ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் வால்வு திறப்பவர்,
வயது நாற்பத்து நான்கு.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்
கேட்டது ஒன்றுதான்:
"ஊசி உண்டுங்களா?"

ஊசி இல்லை. மருந்து இல்லை.
இரும்பு மட்டும் உள்ளே வரக்கூடாது.
அரைஞாண், தாயத்து, செருப்பின் கொக்கி,
பிறகு ஒரு முழ நீளத்தில் வால்வுச் சாவி.
அதைத் தனி லாக்கரில் வைக்கச் சொன்னார்.
"அது தொலைஞ்சா நாலு ஊருக்குத் தண்ணி போச்சு."

தலைக்குள்ள என்னத்தப் பாப்பீங்க?

தண்ணீரை, என்றேன்.
கழுத்தில் ஏறும் ரத்தத்தின் நீருக்குக்
காந்தத்தால் ஓர் அடையாளம்.
நிறமில்லை, வாசமில்லை,
அணுவுக்குள் ஒரு தலைகீழ்ப் புரளல், அவ்வளவு.
மூளையின் நடுக்குளத்தில்
சேவல் கொண்டைபோல் மடிந்து தொங்கும் திசு
ரத்தத்திலிருந்து நீரை வாங்கிக் குளத்தில் விடும்.
எவ்வளவு கடக்கிறது, எத்தனை வேகத்தில்:
அதை எண்ணத்தான் இத்தனை சத்தம்.

"கடந்த தண்ணி எது, கடக்காதது எதுன்னு
எப்படிப் பிரிப்பீங்க?"

அடையாளத்தோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்
நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.
அப்புறம்,
ரத்தத்தின் குரல் சீக்கிரம் கம்மிவிடும்.
குளத்து நீர் வெகுநேரம் ஒலிக்கும்.
ரத்தம் வாய்மூடும்வரை பொறுத்திருந்து
பிறகு காது கொடுப்பேன்.
அப்போதும் அடையாளத்தோடு பேசுவது எதுவோ
அது கரை தாண்டியது.

"நானும் அப்படித்தான்," என்றார்.
"வெடிகாலம் மூணு மணிக்கு வால்வைத் திறந்துட்டு
மோட்டார் ஓயட்டும்னு நிப்பேன்.
பைப்புல காதை வெச்சா
மணியக்காரன் கொட்டாய்க்குப் போற தண்ணி
தனியாக் கேக்கும்.
ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல ஆச்சுன்னா
நடுவுல எவனோ உடைச்சிருக்கான்."

எனக்கு ஒன்றரை மணி கிடையாது.
இரண்டு மூன்று நொடி.
அதற்குள் அடையாளம் கரைந்து
நீர் பழையபடி வெறும் நீர்.

இதைச் சொன்னபோது சிரித்தார்,
உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு.
விரலிடுக்கில் தெரிந்தது:
பல்லில் பழுப்புக் கோடுகள்.
இண்டூர்ப் பக்கத்து அடிபம்பு
ஏழு வயதுக்குள் போட்டுவிட்ட அடையாளம்.
அது இன்னும் கரையவில்லை.
"எம்பொண்ணுக்கு இல்லீங்க," என்றார்,
நான் எதுவும் கேட்காதபோதே.

கைகளைப் பக்கவாட்டில் வைத்துப் பட்டை போட்டேன்.
நாற்பது நிமிடம். தட்டல், அறைதல்,
கிரானைட் அறுப்பதுபோல் ஓர் இழுப்பு.
ஆறாவது ஓட்டம் முடிந்ததும் மைக்கில் கேட்டேன்,
சிரமம் ஏதாவது?
"கடந்த தண்ணி திரும்பி வருமாங்க?"
வரும். சுற்றிச் சுற்றி
மறுபடி ரத்தத்திலேயே போய்ச் சேரும்.
"அப்ப கடைமடைன்னு ஒண்ணு இல்ல.
எனக்கு அங்கயே ஒரு வேலை போட்டுக் குடுங்க.
ராத்திரி போன் அடிக்க ஆளிருக்காது."

சிரித்துவிட்டார்.
மானிட்டரில் வாய் முழுசாய்த் தெரிந்தது,
மூடக் கை இல்லை.
அடக்கப் பார்த்த மிச்சச் சிரிப்பு
ஏழாவது ஓட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.
தலை இரண்டு மில்லிமீட்டர் அசைந்திருக்கிறது.
கணக்கில் சேராது.
பதிவேட்டில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு:
இருமல், தூக்கம், அச்சம்.
எதிலும் டிக் செய்யாமல் விட்டேன்.

லாக்கருக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
"கொட்டாய்க்காரங்க," என்றார், எடுக்காமலே.
காந்த அறையின் கதவை இழுத்துச் சாத்திய பிறகுதான்
சாவியை அவர் கையில் கொடுத்தேன்.